தெருவின் சுவிட்ச்

மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்றைக்குக் காலையில்தான் ஓய்ந்தது. மழை விட்டால் மற்றவர்கள் துணி காயப்போடுவார்கள். கேபிள்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். தலைக்கு மேல் வேலை என்று எல்லாரும்தான் சலித்துக்கொள்கிறார்கள். அவருக்கு அது இருபத்தைந்து வருடமாக அப்படியே உண்மை. கம்பத்தின் உச்சியில் இணைப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே அரை டம்ளர் தண்ணீர். போதாததற்கு எறும்புக் கூட்டம் ஒன்று முட்டையும் மூட்டையுமாகக் குடியேறியிருந்தது. பழைய துணியால் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, எறும்புகளை மனசில்லாமல் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

"மாமா, கொஞ்சம் இறங்கி வர்றீங்களா?"

குனிந்து பார்த்தார். தையலக்காவின் மகள். முப்பத்திரண்டு வயதாகி, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்து, அவளுக்கே நாலு வயதில் ஒரு பெண் இருந்தாலும் அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

"எப்ப பாப்பா வந்தே?"

"முந்தாநாள். நீங்க வேலையை முடிச்சிட்டே வாங்க. நான் நிக்கிறேன்."

நிற்கிறேன் என்று அவள் சொன்ன விதமே சரியாகப் படவில்லை. பெட்டியை மூடிவிட்டு இறங்கினார். முன்பெல்லாம் கடைசி நாலு படியைத் தாண்டிக் குதிப்பார். ஐம்பத்து மூன்று வயதில் ஒவ்வொரு படியாகக் காலால் தேடித்தான் இறங்க வேண்டியிருக்கிறது.

"அம்மாவுக்குக் கர்ப்பப்பையில கட்டி மாமா. ஆறு மாசமா ரத்தம் போயிருக்கு, யார்கிட்டயும் மூச்சு விடல. போன்ல குரலைக் கேட்டு எனக்குத்தான் சந்தேகம் வந்துச்சு. கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தா இவ்வளவு பெருசு." கையை மடக்கிக் காட்டினாள்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"இந்த மாசத்துக்குள்ள எடுத்தாகணுமாம். தள்ளிப்போட்டா கையை மீறிப் போயிடும்னு சொல்லிட்டாங்க. நான் வேலை பாக்குற இடத்துலயே எல்லாம் பேசி வெச்சிட்டேன். வெள்ளிக்கிழமை சேர்க்கணும். அப்புறம் மூணு மாசம் என் வீட்டுல இருந்து வைத்தியம் பாத்துக்கணும்."

"அப்புறம் என்ன? கையோட கூட்டிட்டுப் போயேன்."

"வரமாட்டேங்கிறாங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க சுவிட்ச் மாமா."

கேபிள்காரர் கையிலிருந்த ஈரத்துணியை மடித்தார். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தார்.

"'நான் மூணு மாசம் போயிட்டா தெருவுக்கு டிவி யாரு குடுப்பா?' இதான் கேள்வி. கெஞ்சினேன், சண்டை போட்டேன், நேத்து சாப்பிடாமக்கூட இருந்து பாத்தேன். தட்டைக் கொண்டாந்து பக்கத்துல வெச்சிட்டுப் போயிட்டாங்களே தவிர, வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்குப் பிரசவம் ஆனப்பவும் இதே கதைதான். அவரு அப்ப வெளிநாட்டுல. வலி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரங்கதான் ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. அது போகட்டும், அதை நான் மறந்துட்டேன். இப்ப அவங்க உயிராச்சே மாமா."

மறந்துட்டேன் என்று வலிய வந்து சொல்பவர்கள் எவரும் மறந்தவர்கள் இல்லை. அது கேபிள்காரருக்கும் தெரியும்.

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"உங்க ஆள் யாரையாவது மூணு மாசம் எங்க வீட்டுல தங்க வைங்க. கரண்ட் போனா அணைக்கணும், வந்தா போடணும், அவ்வளவுதானே? நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. நான் இப்ப ரிப்போர்ட் வாங்கப் போறேன், திரும்பி வர எட்டு மணி ஆயிடும். அதுக்குள்ள ஒரு வார்த்தை பேசி வைங்க."

"பேசறேன் பாப்பா."

அவள் போன பிறகு அவர் ஏணியில் ஏறாமல் கம்பத்தடியிலேயே நின்றார். அந்த வீட்டுச் சுவரில் அக்கா காவல் காக்கிற பெட்டி செத்து ஆறு வருடமாகிறது. அந்த விஷயம் உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவர், இன்னொன்று அவர் மனைவி.

கேபிள் வந்த புதிதில் படம் செப்புக் கம்பியில் வந்தது. மொட்டை மாடியில் பெரிய வட்டத் தட்டு, அங்கிருந்து கம்பி கிளம்பி வீட்டுக்கு வீடு தாவும். தாவத் தாவ அதற்கு மூச்சு வாங்கும். தெரு முனையில் பளிச்சென்று தெரிகிற முகம் பத்து வீடு தாண்டினால் புள்ளியும் கோடுமாகிவிடும். அதனால் தெரு நடுவில் பூஸ்டர் பெட்டி ஒன்றை வைத்து, களைத்து வருகிற படத்துக்குத் தெம்பு ஏற்றி அனுப்ப வேண்டும். பூஸ்டருக்கு மின்சாரம் வேண்டும். கம்பத்திலிருந்து எடுத்தால் மின்சாரக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். ஆகவே தெரு நடுவில் இருக்கிற ஒரு வீட்டைப் பார்த்து, "ஒரு பிளக் குடுங்க, உங்களுக்குக் கனெக்‌ஷன் இலவசம்" என்று கேட்டுக்கொள்வார்கள். கேபிள் தொழிலில் இருந்த எல்லாரும் செய்ததுதான். இந்தத் தெருவுக்கு நடுவீடு தையலக்கா வீடு.

இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால், அவளுடைய தையல் மெஷினுக்கு மேலே சுவரில் பெட்டியை அடித்துவிட்டு ஸ்டூலில் நின்றபடியே சொன்னார்: "அக்கா, கரண்ட் போன உடனே இந்த சுவிட்சை அணைச்சிடணும். திரும்பி வந்ததும் போட்டுடாதீங்க. வர்ற கரண்ட் முதல்ல எகிறிக் குதிக்கும், பெட்டி கருகிடும். நூறு எண்ணுங்க, அப்புறம் போடுங்க."

"நூறு போதுமா தம்பி?" என்று கேட்டாள் அக்கா.

அவள் அப்படிப்பட்டவள். காலர் தைத்தால் பிரித்து மறுபடி தைக்கிற ஜாதி. இதே பாடத்தை அவர் மற்றத் தெருக்களிலும்தான் சொன்னார். அங்கெல்லாம் இருபது எண்ணினாலே பெரிய காரியம். வருடத்துக்கு ஒரு பெட்டி புகைந்தது. அக்கா வீட்டுப் பெட்டி மட்டும் கல்லுக்குண்டாட்டம் இருந்தது. முதலில் ஆறு சேனல், பிறகு நாற்பது, பிறகு நூற்றுக்கு மேல் என்று கம்பிக்குள் கூட்டம் ஏறிக்கொண்டே போனது. மாலை ஏழு மணியானால் தொடர் ஆரம்பிக்கும். தெருவின் இரண்டு பக்கமும் அறுபது வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே பாட்டு. அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அச்சகத்தில் வேலை பார்த்த தன் வீட்டுக்காரரிடம், "எல்லாம் நம்ம சுவிட்ச்லேருந்து போகுது" என்பாள். "ஆமா, நீதான் நடிக்கிறே" என்று அவர் கிண்டல் செய்வார். தெருப் பிள்ளைகள் அவளுக்கு சுவிட்சக்கா என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு முறைதான் தவறியது. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, தங்கை கல்யாணத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கென்று பார்த்து மின்சாரம் மூன்று முறை போய்ப் போய் வந்தது. பெட்டி கருகிவிட்டது. மாற்றுப் பெட்டி வந்துசேர மூன்று நாள். எதிர்வரிசை ஐந்தாவது வீட்டில் ஒரு தபால்காரர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவருக்கு இருந்த ஒரே துணை டிவிதான். மூன்றாவது நாள் அவர் இறந்துபோனார். "கடைசி மூணு நாளும் அந்த வெறும் கண்ணாடியையே பாத்துக்கிட்டுக் கிடந்தாரே" என்று அவர் மனைவி அழுத அழுகை தெரு முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அக்கா ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை.

பிறகு வீட்டுக்கு வீடு டிவி பக்கத்தில் செட்டாப் பெட்டி வைத்தே ஆகவேண்டும் என்ற காலம் வந்தது. அதன் பின்னாலேயே கண்ணாடி இழை வந்தது. இழைக்குள் போகிறது வெளிச்சம். தெருக்கோடி வரைக்கும் அதற்குக் களைப்பே கிடையாது. பூஸ்டர் தேவையில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் தெரு முழுக்க இழை இழுத்து முடித்த கேபிள்காரர், அக்கா வீட்டுக்கு வெளியே சுவரோரம், பூஸ்டருக்கு வருகிற, போகிற பழைய கம்பிகள் இரண்டையும் வெட்டிவிட்டு, பெட்டியைக் கழட்டத் திருப்புளியோடு உள்ளே போனார். அச்சகக்காரர் காலமாகிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். டீயைக் குடிக்கும்போது மின்சாரம் போனது. சுவரோடு சாய்ந்து கிடந்தவள் எழுந்து வந்து சுவிட்சை அணைத்தாள். மின்சாரம் வந்ததும், உதடு அசைய நூறு எண்ணிப் போட்டாள். "இது ஒண்ணு இல்லேன்னா நான் எழுந்திருக்கவே மாட்டேன் தம்பி" என்றாள்.

திருப்புளியைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவர் திரும்பிவிட்டார். அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அடுத்த மாதத்துக்கும் ஒரு அடுத்த மாதம் இருந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது பிளக்கிலிருந்து எரிகிற விளக்கு, அதற்கும் தெருவுக்கும் சம்பந்தமில்லை. அக்காவுக்குச் சந்தேகம் வரவும் வழியில்லை. மின்சாரம் வந்தபின் வீடுகளில் செட்டாப் பெட்டிகளுக்கு உயிர் வரவே இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் அவள் நூறு எண்ணிச் சுவிட்சைப் போட்டிருப்பாள். அவள் போட்டதால்தான் வந்தது என்று தோன்றும்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள். முழுதும் கேட்டுவிட்டு, "அப்பவே சொல்லிடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

"வீட்டுக்காரரு போய் பதினோரு நாள். எப்படிச் சொல்றது?"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா அதோட சேத்து இதுக்கும் ஒரு நாள் அழுதிருப்பாங்க. இப்ப?"

"நீ போய் மூணு மாசம் அங்க இருக்கேன்னு சொல்லேன். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"போறேன். சும்மா எரியிற பெட்டிக்கு நானும் காவல் இருக்கேன்." முட்டையை அவர் தட்டில் போட்டாள். "பைத்தியக்காரத்தனம். ஆனா அந்தம்மா உயிருக்குன்னா போறேன்."

நாலரை மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பித்தான் துளை போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, உதடுகூட நிறமில்லாமல் இருந்தது. மாதாமாதம் வந்து போகிற வீடு; இந்த ஆறு மாதத்தில் அந்த முகத்தை ஒரு முறையாவது நிமிர்ந்து பார்த்தோமா என்று தன்மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது.

"உக்காரு. பாப்பா வந்து ஒப்பாரி வெச்சாளா?"

"வந்துச்சு. என்னக்கா இதெல்லாம்? உடம்பை இப்படியா போட்டு வெப்பீங்க?"

"உடம்புன்னா ஒண்ணு வரும் போகும்." மெஷினிலிருந்து நூலை அறுத்தாள். "யாரை வெக்கிறதா வந்திருக்கே?"

"என் வீட்டுக்காரி வந்து இருக்கேன்னு சொல்றா."

அக்கா சிரித்தாள். "நல்ல பொண்ணுதான். ஆனா பாலை அடுப்புல வெச்சிட்டு, பொங்கி அணைஞ்சப்புறம் வந்து பாக்குறவ. அவ நூறு எண்ணுவாளா? முப்பதுல போட்டுட்டுப் போயிட்டே இருப்பா."

"சரி, நானே வந்து இருக்கேன்."

"நீ அந்த நேரம் எந்தக் கம்பத்துல தொங்குறியோ."

"அக்கா, உடம்பு பெருசா டிவி பெருசா?"

"உடம்பு என்னோடது. டிவி அறுபது வீட்டோடது." சட்டையை மடித்து வைத்தாள். "தபால்காரரு சம்சாரம் அழுதது இன்னும் என் காதுல இருக்கு. நீ சொன்னதும் இருக்கு."

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"புதுப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து இதே இடத்துல நின்னே. தெருவே உன்னை வாய்க்கு வந்தபடி பேசியிருந்தாங்க, அந்தக் கோவம் உனக்கு. 'ஒரே ஒரு நாள் வீட்டைப் பூட்டாம இருந்திருந்தா அந்த மனுஷன் நிம்மதியாப் போயிருப்பாரு'ன்னு சொன்னே. தப்பா சொல்லல. நியாயத்தைத்தான் சொன்னே."

அப்படிச் சொன்ன ஞாபகமே கேபிள்காரருக்கு இல்லை. போகிற போக்கில் ஒரு வார்த்தையை விட்டெறிந்துவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த கம்பத்துக்குப் போயிருக்கிறார். இவள் அதை எடுத்துவைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் ஒரு ராத்திரிகூட வெளியே தங்காமல் இருந்திருக்கிறாள். அதற்கு மேலும் மென்று விழுங்க அவரால் முடியவில்லை.

"அக்கா, அந்தப் பெட்டி ஓடல."

"எரியுதே."

"லைட்டுதான் எரியுது. கம்பியை நான் வெளியிலேயே வெட்டிட்டேன். ஆறு வருஷமாச்சு. இப்ப எல்லாம் கண்ணாடி இழை. தெருவுக்கு இந்த சுவிட்ச் வேண்டாம். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, சின்னப் பிள்ளை பொய்யைக் கண்டுபிடித்துவிட்டவள் போலத் தலையை ஆட்டினாள்.

"பாப்பா சொல்லிக்குடுத்தாளா?"

"இல்லக்கா. சத்தியமா."

"ஆளு வெக்கிறேன்னே, நான் ஒத்துக்கல. இப்ப பெட்டியே இல்லேங்கிறே. நாளைக்குத் தெருவே இல்லேம்பே. என்னை வண்டியில ஏத்தணும், அதுக்கு எதையாவது சொல்லணும், அவ்வளவுதானே?"

உண்மையைச் சொல்ல ஆறு வருடம் எடுத்துக்கொண்டவனுக்கு, சொன்னபிறகு அதை நம்பவைப்பது இன்னும் பெரிய பாடாகிவிட்டது. கேபிள்காரர் கெஞ்சினார். இழையைப் பற்றி விளக்கினார். பையிலிருந்து ஒரு துண்டு இழையை எடுத்துக் காட்டினார். "இந்த நூல்லயா நூறு சேனல் போகுது?" என்று அவள் அதைத் தையல்காரி கண்ணோடு பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் அவர் சொன்னார்: "அணைச்சிட்டுத் தெருவுல போய்ப் பாத்துடலாம்."

"இப்பவா?"

"ஏழு மணிக்கு. டிவி ஓடுற நேரம். நீங்களே அணைங்க, நீங்களே வந்து கேளுங்க. ஒரு வீட்டுல நின்னிருந்தாலும் நான் சொன்னது பொய்."

ஏழு மணி வரைக்கும் அக்கா விளக்கைப் போட்டுக்கொண்டு மீதிப் பித்தான் துளைகளை முடித்தாள். ஏழாகி ஐந்து நிமிடம் ஆனதும் எழுந்து சுவிட்சின் முன் நின்றாள். மின்சாரம் இருக்கும்போது அவள் அதை அணைத்ததேயில்லை. விரலை வைத்து எடுத்தாள். மறுபடி வைத்தாள். அணைத்தாள். சிவப்பு விளக்கு போனது.

"யாராச்சும் கத்தினா உடனே ஓடி வந்து போட்டுடுவேன்" என்றாள். செருப்பைத் தேடினாள். செருப்பு கட்டிலடியில் கிடந்தது.

மழைத்தண்ணீர் இன்னும் வடியாத தெருவில் சுவரோரமாகவே நடந்தாள். யாரும் கத்தவில்லை. பக்கத்து வீட்டில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நின்று கேட்டாள். "இவங்க வீட்டுக் கம்பி வேற பக்கத்துலேருந்து வருதோ என்னமோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்த வீட்டில் தொடர். அதற்கடுத்த வீட்டு ஜன்னலில், சுவரை அடைத்துக்கொண்டு பெரிய டிவி. ஒருவன் படத்தைப் பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டான். அக்கா அதைப் புரியாமல் பார்த்தாள். நாலாவது வீட்டில் சத்தமேயில்லை. அவள் முகம் மலர்ந்தது. எட்டிப் பார்த்தாள். கூடத்தில் மூன்று பேர், மூன்று போன். டிவி இருந்த மேஜையில் பூச்சாடி இருந்தது.

"எல்லாரும் வேற வேற பாக்குறாங்களே" என்றாள்.

"ஆமாக்கா. இப்ப அப்படித்தான்."

"ஏழு மணிப் பாட்டு?"

"அந்தத் தொடரெல்லாம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. இப்ப கேபிள் பாக்குறதே பதினோரு வீடுதான். மத்தவங்க நெட்டுக்குத்தான் என்னைக் கூப்பிடுறாங்க."

வீட்டுக்காரர் போனபிறகு அவள் டிவி போடுவதுமில்லை, ஏழு மணிக்கு மெஷினை நிறுத்துவதுமில்லை. மெஷின் சத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, அறுபது வீட்டிலும் அந்தப் பாட்டு இன்னும் ஓடுவதாகவே அவள் நினைத்திருந்தாள். அதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

எதிர்வரிசை ஐந்தாவது வீட்டு வாசலில், நாற்காலியில் உட்கார்ந்து தபால்காரரின் மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எண்பதை நெருங்கும் வயது. அக்கா அவள் முன் போய் நின்றாள். பத்தொன்பது வருடமாக அந்த வாசலைத் தவிர்த்துத்தான் நடந்திருக்கிறாள்.

"யாரு, தையல்காரியா? அடேயப்பா, வழி தெரிஞ்சுதா உனக்கு?"

"உங்க வீட்டுல டிவி ஓடலையாம்மா?" அக்காவின் குரலில் பயம் இருந்தது.

"டிவியா? அது அவரு காலமான மாசமே குடுத்தாச்சே. இனி யாரு உக்காந்து பாக்குறது? இந்தத் தம்பிதானே வந்து கம்பியைச் சுருட்டிட்டுப் போச்சு."

கேபிள்காரருக்கு இதுவும் நினைவில்லை. எத்தனை வீட்டில் சுருட்டியிருப்பார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நான் கல்யாணத்துக்குப் போய், பெட்டி எரிஞ்சு... கடைசி மூணு நாளும் அவரு வெறும் கண்ணாடியையே பாத்துக்கிட்டுக் கிடந்தாருன்னு சொல்லி அழுதீங்களே."

கிழவி பூண்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "நானா சொன்னேன்? அழுறப்ப வாயில என்னென்னமோ வரும். அவருக்குக் கடைசி ஒரு வாரம் கண்ணே தொறக்கலையேம்மா." அவள் அக்காவை உற்றுப் பார்த்தாள். "அதைப் போயா மனசுல வெச்சிருந்தே? வெளுத்துக் கிடக்கிறியே, உடம்பு சரியில்லையா? ரெண்டு பூண்டு எடுத்துட்டுப் போ, பால்ல போட்டுக் குடி."

அக்கா கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது எந்த வீட்டின் முன்னாலும் அவள் நிற்கவில்லை. வீட்டுக்குள் வந்து மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் பூண்டு அப்படியே இருந்தது.

"கம்பியை எந்த மாசம் வெட்டினே?"

அவர் சொன்னார். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப, பேத்தி பொறந்தது அதுக்கப்புறம்."

"ஆமாக்கா."

"ஒண்ணே முக்கால் வருஷத்துக்கு அப்புறம்."

அவர் தலையை ஆட்டினார்.

"அன்னைக்கு போன் அடிச்சப்ப கரண்ட் வந்த நேரம்" என்றாள். அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். எடுத்தா எண்ணிக்கை விட்டுப்போயிடும்னு எடுக்கல. அது அடிச்சு அடிச்சு நின்னுச்சு. மறுபடி அடிச்சுச்சு. நூறு முடிச்சு, சுவிட்சைப் போட்டுட்டுத்தான் எடுத்தேன். பக்கத்து வீட்டம்மா பேசினாங்க. 'உங்க பொண்ணு உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, இப்பதான் உள்ள கொண்டுபோயிட்டாங்க'ன்னாங்க."

கேபிள்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். "என்னை ரெண்டு அடி அடிச்சிடுங்கக்கா" என்றார். அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமாதானமும் சொல்லவில்லை.

"எழுந்திரு. கழட்டு அதை."

அவர் ஸ்டூலில் ஏறினார். ஆணிகள் துருப்பிடித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தன. ஒன்றை நெம்பும்போது காரை பெயர்ந்து தைத்து வைத்த சட்டைகளின்மேல் விழுந்தது. அக்கா சட்டைகளை எடுத்து உதறி, வேறு இடத்தில் அடுக்கினாள். பெட்டியைக் கழட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவர் வாசலுக்குப் போனபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"நில்லு. நாளைக்கு அவகூடப் போறேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கக்கா."

"பாப்பாகிட்ட ஆறு வருஷம்னு சொல்லாதே."

அவர் புரியாமல் பார்த்தார்.

"இன்னைக்குத்தான் மாத்தினேன்னு சொல்லு. இன்னைக்கு ஏழு மணி வரைக்கும் இது ஓடிச்சுன்னு சொல்லு. நீ எல்லாத்தையும் சொல்லி உன் மனசுல இருக்கிறதை இறக்கி வெச்சிடலாம்னு பாப்பே. அது வேண்டாம். அவ கூப்பிட்டப்ப நான் போகாததுக்கு ஒரு காரணமாவது இருக்கட்டும்."

சொல்லக் கூடாது என்று ஆறு வருடம் இவராக வைத்துக்கொண்டிருந்தார். இனி அவள் கேட்டதற்காக வைத்துக்கொள்ள வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். தெருவில் பதினோரு வீட்டில் கேபிள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மறுபடி தூறல். வாடகைக் கார் தெரு நடுவில் நின்றது. பாப்பா பின் சீட்டில் தலையணையை வைத்து அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்தாள். தைத்து முடித்த சட்டைகளைக் கேபிள்காரரின் மனைவி வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் பொறுப்பு. "வீட்டை நான் பாத்துக்கிறேன்க்கா, செடிக்குத் தண்ணி ஊத்திடுறேன்" என்றாள். "ஊத்து. வாளி நிரம்பி வழிஞ்சப்புறம் குழாயை மூடாதே" என்றாள் அக்கா. மனைவி சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பாப்பா கேபிள்காரரைத் தனியே அழைத்தாள். "எப்படி மாமா ஒத்துக்கிட்டாங்க? ராத்திரி வந்து பாத்தா பெட்டியையே காணோம். கேட்டா உங்களைக் கேக்கச் சொல்றாங்க."

கார் ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. அக்கா நேர் எதிரே ஓட்டுநரின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புது லைன் போட்டுட்டேன் பாப்பா. இனிமே சுவிட்சு வேண்டாம்" என்றார் கேபிள்காரர். "கொஞ்ச நாளாவே செய்யணும்னுதான் இருந்தேன். நேத்துதான் முடிஞ்சுது."

"அப்ப நேத்து வரைக்கும் இதுலதான் ஓடிச்சா?"

"நேத்து ஏழு மணி வரைக்கும் தெருவுக்கே அம்மாதான் குடுத்தாங்க."

பாப்பா காரில் ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நழுவியிருந்த தலையணையைச் சரிசெய்தாள்.

"எனக்கு உன்மேல எவ்வளவு கோவம் இருந்துச்சு தெரியுமாம்மா" என்றாள். "சரி விடு. எடுத்துக்கிட்ட வேலையைக் கடைசி நாள் வரைக்கும் ஒழுங்காப் பாத்துட்டுத்தான் வர்றே."

அக்கா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். கேபிள்காரர் பக்கம் அவள் திரும்பவேயில்லை. கார் தண்ணீரைத் தெறித்துக்கொண்டு தெரு முனையில் திரும்பும் வரை அவர் தூறலில் நின்றுகொண்டிருந்தார்.